வாக்குத்தத்த வசனமும் எரேமியாவின் கடிதமும்: அனுதின தியானத்தில் எழுந்த ஒரு கேள்வி

கானாடுகாத்தான் சகோதரி (இழையைத் தொடங்கியவர்)

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக மனத்தில் அடக்கி வைத்திருந்த ஒரு கேள்வியை இன்று எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையில் வழக்கம்போல், புத்தாண்டுக்கென ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் கைக்கு வந்தது எரேமியா 29:11 (எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம்). "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையைச் சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிய வேண்டும். ஆகவே "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பது எனக்கு வேறு எதையும் குறிக்கவில்லை. அவர் பெட்டியோடு வாசலில் வந்து இறங்குவதைத்தான் குறித்தது. ஐந்து மாதங்கள் அதையே சொல்லி ஜெபித்தேன்.

மே மாதம் அவர் தொலைபேசியில் அழைத்து, வீடு கட்டிய கடன் இன்னும் அடையாததால் மேலும் இரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அன்று இரவு அந்த அட்டையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதைக் கிழித்தெடுக்கவும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதத்தைத் திறக்கிறேன், ஆனால் கண் வாசிக்கிறதே தவிர மனம் வாசிப்பதில்லை. நான் விசுவாசித்து அறிக்கை செய்யாததால்தான் வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை என்று ஒருவர் சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வசனம் உண்மையில் எனக்குச் சொல்லப்பட்டதுதானா? நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் அம்மா

மகளே, அந்த அட்டையைக் கழற்ற வேண்டாம். என் தாய்க்கு எழுத்து தெரியாது. என் தகப்பனார் இறந்தபோது நாங்கள் நான்கு பிள்ளைகளும் சிறியவர்கள். ஆராதனையில் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்த "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் அம்மா களத்து வேலைக்குப் போவார், வருவார். அது யாருக்கு எழுதப்பட்டது, எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வசனம் அவரைத் தாங்கியது என்பதற்கு நாங்கள் நால்வரும் சாட்சி. உன் விசுவாசம் குறைவு என்று சொன்னவர், உன் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊழியர், காரைக்குடி

சகோதரி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் அந்த வசனத்துக்கு அடுத்த வரியிலும் முந்தைய வரியிலும் இருக்கிறது. ஆகவே என் கருத்தைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில், வேறு எதையும் கலக்காமல் வாசியுங்கள்.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவையும் எருசலேமின் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் முதலான கைத்தொழிலாளரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். எருசலேம் இன்னும் அழியவில்லை, எகொனியாவுக்குப் பதிலாகச் சிதேக்கியா அங்கே அரசாண்டான். ஊரில் மிஞ்சியவர்களும் தூரதேசம் போனவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்போது திரும்புவது? அந்தக் கேள்விக்கு 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆலயத்தில், எல்லாருக்கும் முன்பாக, தெளிவான ஒரு காலக்கெடுவோடு பதில் சொல்கிறான். இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) சிறைபட்டவர்கள் அனைவரும் திரும்பி வருவார்கள் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தையும் வாங்கி உடைக்கிறான்.

இங்கே எரேமியா முதலில் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில் எந்தப் பாவமும் இல்லை. தீர்க்கதரிசியே அதற்கு ஆமென் சொல்கிறார். ஆனால் கர்த்தர் சொல்லாத காலக்கெடுவைக் கர்த்தரின் பெயரால் கொடுப்பதுதான் அனனியாவின் குற்றம். ஐந்தாம் மாதத்தில் இரண்டு வருஷம் என்று சொன்ன அந்த மனிதன், அதே வருஷத்தின் ஏழாம் மாதத்தில் செத்தான் என்று அதிகாரம் முடிகிறது.

அதற்கு அடுத்து வருவதுதான் 29ஆம் அதிகாரம். அது பிரசங்கம் அல்ல, கடிதம். சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய இரண்டு தூதர் கையில் எரேமியா கொடுத்தனுப்பிய கடிதம். அதில் முதல் கட்டளை "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்பது. பிறகு பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்கிறது. பிறகு அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் கழிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் அட்டையில் இருந்த பதினோராம் வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்று கேட்ட அடுத்த கணம் அந்த மக்களின் மனம் எப்படி இடிந்திருக்கும்? இடிந்துபோன அந்த மனத்துக்குத்தான் "அவைகள் தீமைக்கல்ல" என்று சொல்லப்படுகிறது. தலை நரைத்துப் பாபிலோன் போனவர்களில் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே ஆண்டவர் அதைச் சொல்கிறார்.

இன்னொன்று. நம் தமிழ் வேதாகமத்தில் மரியாதைக்காக "நீங்கள்" என்று ஒருவரை அழைக்கும் வழக்கம் இல்லை. ஒருவரிடம் பேசினால் "நீ", மரியாதைக்கு "நீர்", அவ்வளவுதான். இதே எரேமியா 45ஆம் அதிகாரத்தில் எரேமியாவின் எழுத்தனாகிய பாருக்கு என்ற தனி மனிதனுக்கு வரும் வார்த்தை முழுவதும் "நீ", "உனக்கு" என்றே இருக்கிறது. 29:11இல் "உங்கள்பேரில்" என்று இருப்பதால், அது ஒரு கூட்டத்தாரிடம் சொல்லப்பட்டது. நாம் இன்று பேசுகிற வழக்கத்தில் "உங்கள்" என்பதை நமக்கான தனி மரியாதையாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். எபிரெய மூலத்திலும் அது பன்மைதான்.

உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை, சகோதரி. அட்டையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

கோட்டையூர் தம்பி

ஊழியர் ஐயாவின் பதிவைப் படித்தவுடன் என் வாசிப்பு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். வேதாகமத்தில் உள்ள 1189 அதிகாரங்களையும் ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசிக்கிறேன். எரேமியா 28, 29 இரண்டையும் ஒரே நாளில் முடித்து அடையாளமும் இட்டிருக்கிறேன், ஆனால் அனனியாவின் "இரண்டு வருஷம்" கொஞ்சமும் நினைவில் இல்லை. இது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

ஆனாலும் அட்டவணைக்காக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அது இல்லாவிட்டால் நான் சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் விட்டு வெளியே போயிருக்கவே மாட்டேன். எரேமியா புத்தகத்தில் 52 அதிகாரங்கள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மெக்ஷேன் 1842இல் தம் சபைக்கு ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தபோது, பழைய ஏற்பாட்டை ஒரு தடவையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு தடவையும் ஓராண்டில் வாசிக்க வகை செய்தார். அவரே அதில் உள்ள ஆபத்தையும் எச்சரித்தார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என் கேள்வி இதுதான். அந்தக் கடிதம் பாபிலோனில் இருந்தவர்களுக்கு என்றால், நமக்கு அதில் என்ன இருக்கிறது? இப்படியே போனால் எல்லா வசனமும் வேறு யாருக்கோ எழுதியதாகிவிடாதா? பள்ளத்தூர் அம்மாவின் தாயார் பிடித்துக்கொண்ட வசனத்தையும் அப்படித்தான் சொல்லப்போகிறோமா?

தேவகோட்டை ஆசிரியர் (ஓய்வு)

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். இங்கே பெரும்பாலோர் வேறு சபையினர் என்று தெரிந்தும், இறைவார்த்தை பொதுவானது என்பதால் எழுதுகிறேன்.

தம்பியின் கேள்விக்குப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. முற்காலத்தில் எழுதப்பட்டவை அனைத்தும் நமக்கு அறிவுரையாகவே எழுதப்பட்டன என்றும், அவற்றால் வரும் பொறுமையினாலும் ஆறுதலினாலும் நாம் நம்பிக்கை கொள்கிறோம் என்றும் அவர் சொல்கிறார். பொறுமை என்ற சொல் அங்கே முதலில் வருவதைப் பாருங்கள். எரேமியாவின் கடிதம் நம் முகவரிக்கு வந்தது இல்லை என்றாலும், நம் வீட்டில் வைத்து வாசிக்கப்பட வேண்டிய கடிதம். அதை எழுதியவர் மாறவில்லை. எழுபது ஆண்டுகளையும் ஒரு தலைமுறையின் கண்ணீரையும் தாண்டி நல்லதையே நினைத்திருந்த அதே ஆண்டவர்தான் இந்தச் சகோதரியின் வீட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைத்தான் நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தேதியை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நீங்கள் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஒன்று பிற்காலம், மற்றொன்று நம்பிக்கை. 1995இல் வெளிவந்த எங்கள் திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டையும் தனித்தனியே தருகிறது. "நான் எதிர்பார்ப்பது எதுவோ அது கிடைக்கும்" என்ற பொருள் மூலத்தில் இல்லை. இதில் உங்கள் பழைய மொழிபெயர்ப்பு சகோதரியைக் கொஞ்சம் வழி தவறச் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் அதே பழைய மொழிபெயர்ப்பு வேறோர் இடத்தில் பெரிய உதவி செய்கிறது. 7ஆம் வசனத்தில் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி" என்றும், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்றும் வருகிறது. 11ஆம் வசனத்தில் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருகிறது. நான்கு இடத்திலும் மூலச்சொல் ஷாலோம் என்ற ஒன்றே. உங்கள் மொழிபெயர்ப்பும் நான்கு இடத்திலும் ஒரே சொல்லை வைத்து அந்தத் தொடர்பைக் காட்டிவிட்டது. ஆண்டவர் அவர்கள்மேல் நினைத்திருந்த சமாதானம், அவர்கள் விரும்பாத அந்தப் பட்டணத்தின் சமாதானத்தோடு கட்டப்பட்டிருந்தது.

வாசிக்கும் முறைக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி நான்கு படிகள் சொன்னார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆண்டவரின் முன்னிலையில் அமைதியாக இருத்தல். நாற்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒரு நாளில் ஐந்து வசனங்களைத் தாண்டுவது அபூர்வம். தம்பியின் அட்டவணையோடு இது சண்டை போடாது. அகலமாக உழவும் வேண்டும், ஒரு பாத்தியில் நின்று தண்ணீர் பாய்ச்சவும் வேண்டும்.

எங்கள் ஊருக்கு அருகில்தான் ஓரியூர். போர்த்துகலிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் அங்கே தலை வெட்டுண்டு இறந்தார். இறப்பதற்கு முன் சிறையிலிருந்து தம் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செம்மண்ணில் முழந்தாளிட்டு நிற்கும்போதெல்லாம், விடுதலையை எதிர்பாராமலே சமாதானமாக எழுதிய ஒரு கை எனக்கு நினைவுக்கு வருகிறது.

பள்ளத்தூர் அம்மா

ஆசிரியர் ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. எபிரெயம், பன்மை, மூலச்சொல் என்று போனால், என் தாயைப் போன்றவர்கள் வேதத்தைத் தொடவே தயங்குவார்கள். படித்தவர் விளக்காமல் தொடக்கூடாது என்ற நிலை வந்துவிடக் கூடாது.

ஊழியர், காரைக்குடி

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. உங்கள் தாயார் பிடித்துக்கொண்ட வசனத்தைப் பாருங்கள்: "விலகுவதுமில்லை, கைவிடுவதுமில்லை". அதில் காலக்கெடு இல்லை, பொருள் லாபம் இல்லை. ஆண்டவர் கூட இருப்பார் என்பது மட்டும் இருக்கிறது. மோசே யோசுவாவுக்குச் சொன்னதை புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு நிருபம் எழுதியவர் எடுத்து எல்லா விசுவாசிகளுக்கும் கொடுத்திருக்கிறார். உங்கள் தாயார் வாசிக்காமலே சரியாக வாசித்தார்.

எபிரெயம் தெரியாமல் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: முன்னும் பின்னும் வாசிப்பது. தானியேல் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோனில் முதியவராகிவிட்ட தானியேல், எரேமியாவின் இந்த எழுபது வருஷக் கணக்கைப் புத்தகங்களில் வாசித்து அறிந்துகொள்கிறார். வாசித்த உடனே காலண்டரில் குறித்துவிட்டுக் காத்திருக்கவில்லை. உபவாசம் பண்ணி, இரட்டு (துக்கத்துக்கான முரட்டுத் துணி) உடுத்தி, தம் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். வேதத்துக்குள்ளேயே ஒருவர் வேதத்தைத் தியானிக்கும் இடம் இது. எரேமியா 29ஐ எப்படி வாசிப்பது என்று நமக்குக் கற்றுக்கொடுக்கத் தானியேலைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

புதுவயல் பத்திர எழுத்தர்

நான் முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். எரேமியா 29ஐ வாசிப்பவர்கள் 32ஆம் அதிகாரத்தையும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவல்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத் ஊரில் உள்ள ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கும்படி கர்த்தர் சொல்கிறார். சத்துரு பிடித்துக்கொள்ளப்போகிற நிலம் அது. தொழில் தெரிந்தவன் யாரும் அதற்குப் பத்திரம் எழுத மாட்டான். எரேமியாவோ வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்துப் போடச் செய்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். முத்திரையிட்டது பிற்காலத்தில் வழக்கு வந்தால் உடைத்துப் பார்க்க. திறந்தது எல்லாரும் பார்க்க. எங்கள் தொழிலில் அசலும் நகலும் போல.

எழுபது வருஷம் என்று சொன்னவரே நிலம் வாங்கினார். அவர் அந்த நிலத்தில் ஒரு நாளும் உழவில்லை. வாக்குத்தத்தத்தை நம்புவது என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், இந்தப் பத்திரத்தைத்தான் காட்டுவேன்.

கானாடுகாத்தான் சகோதரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் என் நன்றி. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊழியர் ஐயா சொன்னபடி மூன்று அதிகாரங்களையும் ஒரே தடவையாக வாசித்தேன். அனனியா "இரண்டு வருஷம்" என்று சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். நான் ஐந்து மாதம் ஜெபித்த ஜெபத்தில் கர்த்தர் சொல்லாத ஜூன் மாதத்தை நானே சேர்த்து வைத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. அழுதேன், ஆனால் மே மாதத்து அழுகை போல் இல்லை.

கடிதம் என்று ஐயா சொன்னது எனக்குள் வேறு ஒன்றை எழுப்பியது. நான் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் பெரிய வீட்டில்தான் என் அப்பத்தாவும் வேலை செய்தார். அந்த வீட்டு ஆச்சியின் கணவர் ரங்கூனுக்கு மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1941 டிசம்பரில் யுத்தம் பர்மாவுக்கு வந்தபின் கடிதங்கள் நின்றுபோயின. வயதான காலத்தில் ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்ற என் அப்பத்தா, மத்தியான நேரங்களில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணோரம் உட்கார்ந்து அந்தப் பழைய கடிதங்களை ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவார். சிறுமியாக நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். பிறகு நெல் விலை, வட்டி, எந்தக் கப்பலில் யார் வருகிறார்கள், அடுத்தாளுக்கு (கடையில் உதவியாளுக்கு) காய்ச்சல் என்பது வரை எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி, நீயும் பிள்ளைகளும் பத்திரம் என்று. ஒரு நாள் அப்பத்தா நேரமாகிவிட்டதால் நேராக அந்தக் கடைசி வரிக்குப் போனார். ஆச்சி கையை நீட்டித் தாளைத் தடுத்துவிட்டார். "நெல்லு விலையிலிருந்து வாசி. அப்பத்தான் அந்த வரியை அவுக எப்படி இருந்து எழுதினாகன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

இந்த ஒரு மாதமும் 29ஆம் அதிகாரத்தை அப்படித்தான் வாசித்தேன். ஒரு நாளைக்கு ஒரு வசனம், சில நாள் இரண்டு. 5ஆம் வசனத்தில் மட்டும் நான்கு நாள் இருந்தேன். தோட்டங்களை நாட்டுங்கள் என்று இருக்கிறதே, அவர் வந்ததும் செய்யலாம் என்று கொல்லையை இரண்டு வருஷமாகக் காய விட்டிருந்தேனே என்று தோன்றியது. இப்போது கீரை போட்டிருக்கிறேன். முருங்கைக் கம்பு ஒன்றும் ஊன்றியிருக்கிறேன்.

7ஆம் வசனத்தை என் கணவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் அந்த ஊருக்காக ஒரு நாளும் ஜெபித்ததில்லை என்றும், சம்பளம் வரும் இடம் என்பதற்கு மேல் அதை நினைத்ததில்லை என்றும் சொன்னார். நானும் அந்த ஊரைக் கர்த்தரிடம் குறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் தங்கியிருக்கும் விடுதி அறையில் உள்ள மற்ற பதினோரு பேருடைய பெயரையும் எழுதி வாங்கி, அந்த அட்டைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அவர்களில் நான்கு பேர் வங்காள தேசத்தார். பெயர்களைச் சரியாக உச்சரிக்க இன்னும் பழகவில்லை.

பள்ளத்தூர் அம்மா, அட்டையைக் கழற்றவில்லை. ஆனால் அதன் மேல் ஓரத்தில் "5 முதல் 14 வரை" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

நாளை முதல் 30ஆம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசிக்கப் போகிறோம். இங்கே காலை ஐந்து என்றால் அங்கே ஏழரை. இரவு வேலை முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரம் அதுதான். முதல் நாளுக்கு மூன்று வசனங்கள் போதும் என்று சொல்லியிருக்கிறார்.